கருத்துக்கேட்புக் கூட்டத்தைப் பறிப்பது திருச்சபைக்கும் கவலை தர வேண்டிய விஷயம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

அணுக் கனிமங்கள், முக்கியக் கனிமங்கள் எனச் சட்டத்தில் பட்டியலிடப்பட்டவற்றைத் தோண்டியெடுக்கும் சுரங்கத் திட்டங்களுக்கு இனி மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் தேவையில்லை என்று ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2025 செப்டம்பர் 8 அன்று ஓர் அலுவலகக் குறிப்பாணை வெளியிட்டது. பரப்பளவு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் இத்தகைய திட்டங்கள் ஒன்றிய அளவிலேயே பரிசீலிக்கப்படும் என்றும் அது சொல்கிறது. சட்டத் திருத்தமும் இல்லை, நாடாளுமன்ற விவாதமும் இல்லை. ஒரு குறிப்பாணையோடு காரியம் முடிந்தது. ஓரிரு நாள் செய்தியாகி அடங்கிப்போன இந்த விஷயத்தைப் பற்றி, கன்னியாகுமரி மாவட்டக் கடலோரத்தைச் சேர்ந்தவன் என்ற முறையிலும் கத்தோலிக்கத் திருச்சபையின் உறுப்பினன் என்ற முறையிலும் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. பெரிய நிறுவனங்களைக் கட்டுப்படுத்துவதெல்லாம் கட்சிக்காரர்களின் வேலை, அதில் விசுவாசிகளுக்கு என்ன அக்கறை என்று கேட்பவர்கள் எங்கள் பங்குகளிலேயே, அதாவது ஆலயச் சமூகங்களிலேயே, இருக்கிறார்கள். விசுவாசிகள் என்பதாலேயே எங்களுக்கு அதில் அக்கறை இருக்க வேண்டும் என்பதைத்தான் இக்கடிதத்தில் சொல்ல முயல்கிறேன்.

எங்கள் மாவட்டத்துக்கும் அந்தக் குறிப்பாணைக்கும் உள்ள தொடர்பை முதலில் சொல்லிவிடுகிறேன். கிள்ளியூர் வட்டத்தில் கீழ்மிடாலம், மிடாலம், இனயம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு ஆகிய பகுதிகளில் 1,144 ஹெக்டேர் நிலத்தில் அணுக் கனிமமான மோனசைட் உள்ளிட்ட கனிமங்கள் கலந்த மணலை எடுக்க ஒன்றிய அரசின் ஐஆர்இஎல் நிறுவனம் திட்டமிட்டிருக்கிறது. இதற்கென 2024 அக்டோபரில் நடப்பதாக இருந்த கருத்துக்கேட்புக் கூட்டம், கடலோர ஊர்கள் ஒன்றுதிரண்டு எதிர்த்ததால் தள்ளிவைக்கப்பட்டது. கூட்டமே வேண்டாம் என்று விதி வந்துவிட்டால் தள்ளிவைப்பதற்கு எதுவும் மிஞ்சாது. அது அரசு நிறுவனம்தானே, இலாப வேட்டைக்கு வந்த தனியார் அல்லவே என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். மண்ணைத் தோண்டும் இயந்திரத்தின்மேல் யாருடைய முத்திரை இருக்கிறது என்பதை வைத்து மண்ணுக்கு வரும் சேதம் மாறுவதில்லை. அரசு தன் நிறுவனத்துக்குத் தானே அனுமதி கொடுத்துக்கொள்ளும் இடத்தில்தான் மக்களின் கேள்வி கூடுதலாகத் தேவைப்படுகிறது.

கருத்துக்கேட்பு இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டில் கற்பனையான உதாரணம் தேடவேண்டியதில்லை. ரத்னகிரி மாவட்ட விவசாயிகளின் எதிர்ப்பால் மகாராஷ்டிரத்தில் இடமிழந்த ஸ்டெர்லைட் தாமிர உருக்காலைக்கு 1994-இல் தூத்துக்குடியில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஆலையைச் சுற்றி 250 மீட்டர் அகலத்துக்கு மரங்கள் வளர்க்க வேண்டும் என்று தொடக்கத்தில் விதிக்கப்பட்ட நிபந்தனை, நிறுவனம் கேட்டுக்கொண்டதன்பேரில் 25 மீட்டராகச் சுருங்கியது. பின்னாளில் ஆலையை இரு மடங்காக்கும் விரிவாக்கத் திட்டம் வந்தபோது, அது சிப்காட் தொழிற்பேட்டைக்குள் வருகிறது என்ற காரணம் காட்டப்பட்டு, கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தாமலேயே சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. பந்தலுக்குள் உட்கார வைத்துக் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை அ. குமரெட்டியாபுரத்து மக்கள் 2018 பிப்ரவரியில் மரத்தடியில் உட்கார்ந்து கேட்கத் தொடங்கினார்கள். நூறாவது நாளான மே 22 அன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி நடந்தவர்கள்மீது போலீஸ் சுட்டது. அந்த நாளிலும் அடுத்த நாளிலும் நடந்த துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் உயிரிழந்தார்கள். மே 23 அன்று சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை விரிவாக்கப் பணிக்குத் தடை விதித்து, கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தியாக வேண்டும் என்று உத்தரவிட்டது. எல்லாவற்றுக்கும் முன்னால் நடந்திருக்க வேண்டிய கூட்டத்துக்கான உத்தரவு, பிணவறை வாசலில் உறவினர்கள் நின்றுகொண்டிருந்த நாளில் வந்தது. ஐந்து நாள் கழித்து ஆலையை நிரந்தரமாக மூடும் அரசாணையும் வந்தது. போலீசாரைத் தூண்டும்படியான சூழல் எதுவும் இல்லாத நிலையில்தான் சுட்டார்கள் என்று நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் 2022-இல் தன் அறிக்கையில் பதிவுசெய்தது.

ஸ்டெர்லைட்டின் உரிமையாளரான அதே வேதாந்தா குழுமத்தின் வேறொரு திட்டத்தில் நேர்மாறான ஒன்று நடந்தது. ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் வெட்டுவதா வேண்டாமா என்பதை அங்குள்ள கிராம சபைகளே ஆராய்ந்து சொல்லட்டும் என்று உச்சநீதிமன்றம் 2013 ஏப்ரல் 18 அன்று தீர்ப்பளித்தது. அந்த ஆண்டு ஜூலையிலும் ஆகஸ்டிலும், நீதித்துறை அதிகாரியின் முன்னிலையில், ரயகடா, காலாஹண்டி மாவட்டங்களில் பன்னிரண்டு கிராம சபைகள் கூடின. டோங்ரியா கோண்ட் பழங்குடியினர் எழுந்து நின்று பேசினார்கள். பன்னிரண்டும் வேண்டாம் என்றன. 2014 ஜனவரியில் சுற்றுச்சூழல் அமைச்சகமும் அனுமதி மறுத்தது. அந்தத் தீர்மானங்களை எடுக்க யாரும் உயிரைக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. நம் மேலூர் வட்டத்து அரிட்டாபட்டி விவகாரத்தையும் இதனருகில் வைத்துப் பார்க்கலாம். டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலத்தில் அந்தப் பகுதி 2024 நவம்பரில் இதே குழுமத்தைச் சேர்ந்த ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்குப் போனது. ஊர் ஊராகக் கிராம சபைத் தீர்மானங்கள், டிசம்பரில் சட்டமன்றத் தீர்மானம், 2025 ஜனவரியில் மேலூரிலிருந்து மதுரைக்குள் வந்து சேர்ந்த பெரும் பேரணி என்று எதிர்ப்பு வளர்ந்ததும், அந்த மாதமே ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. டங்ஸ்டனும் செப்டம்பர் குறிப்பாணை சொல்லும் பட்டியலில் உள்ள கனிமம்தான் என்பதை மேலூர்க்காரர்கள் கவனித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இனி விசுவாசத்தின் பக்கம் வருகிறேன். மனிதர் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவர் என்றும், அதே மனிதர் பாவத்தில் விழக்கூடியவர் என்றும் திருச்சபை ஒரே மூச்சில் கற்பிக்கிறது. முதல் உண்மையின்படி, தன் வீட்டையும் தண்ணீரையும் உடலையும் பாதிக்கப்போகும் முடிவில் ஒரு மீனவப் பெண்ணுக்கும் பேச்சுரிமை உண்டு. அவருக்குப் படிப்பு இருக்கிறதா, பங்கு முதலீடு இருக்கிறதா என்பது பொருட்டல்ல. இரண்டாவது உண்மையின்படி, எவருடைய கையிலும் கேள்வி கேட்பாரில்லாத அதிகாரம் இருக்கக் கூடாது. எவ்வளவு நல்லவராயினும் சரி. நிறுவனத்தின் கதை இன்னும் ஒரு படி மேலே போகிறது. நிறுவனம் சட்டத்தின் பார்வையில் ஒரு நபர். அது சொத்து வாங்கும், வழக்குப் போடும், தலைமுறைகளைக் கடந்து வாழும். அதன் பங்குதாரர் தான் போட்ட பணத்துக்குமேல் ஒரு காசும் இழக்க வேண்டியதில்லை. இந்தச் சலுகைகளையெல்லாம் கொடுத்தது நாம் தேர்ந்தெடுத்த சட்டமன்றங்களும் நாடாளுமன்றமும்தாம். ஆனால் அந்த நபரால் பாவசங்கீர்த்தனம் செய்ய முடியாது. இரவில் தூக்கம் வராமல் புரளவும் முடியாது. மனசாட்சி இல்லாத ஒன்றுக்கு வெளியிலிருந்துதான் மனசாட்சி தரவேண்டும். அந்த வேலையைச் சந்தையும் செய்யாது, விளம்பரப் படங்களும் செய்யா.

தனிமனித ஒழுக்கம் திருந்தினால் நிறுவனங்களும் திருந்திவிடும், சட்டம் எதற்கு என்று பக்திமான்கள் சிலர் கேட்பதுண்டு. அவர்கள் விவிலியத்தின் சட்ட நூல்களைச் சற்று ஊன்றிப் படிக்கலாம். புது வீடு கட்டுபவர் மொட்டைமாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்ப வேண்டும், இல்லையென்றால் அங்கிருந்து விழுபவரின் இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும் என்று இணைச்சட்டம் 22-ஆம் அதிகாரம் விதிக்கிறது. வீட்டுக்காரர் நல்லவரா கெட்டவரா என்று அந்தச் சட்டம் விசாரிப்பதில்லை. யாரும் விழுவதற்கு முன்பே சுவரை எழுப்பச் சொல்கிறது. விடுதலைப் பயணம் 21-ஆம் அதிகாரத்தில் முட்டும் மாட்டைப் பற்றிய சட்டம் இருக்கிறது. மாடு திடீரென்று ஒருவரை முட்டிக் கொன்றால் உரிமையாளர்மேல் குற்றமில்லை. அது முட்டும் மாடு என்று முன்பே எச்சரிக்கப்பட்டும் அவர் கட்டிவைக்காமல் விட்டு, அது ஆளைக் கொன்றால், உரிமையாளரே உயிருக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துத் தண்டனையை இன்று யாரும் கேட்கவில்லை. ஆனால் தெரிந்தே விட்டவருக்கும் தெரியாமல் மாட்டிக்கொண்டவருக்கும் இடையே அந்தச் சட்டம் வைக்கும் வேறுபாடு மிகக் கூர்மையானது.

போபாலை அந்த வசனத்தோடு சேர்த்துப் பார்க்கிறேன். 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து மீதைல் ஐசோசயனேட் கசிவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, அதே ஆலையில் பாஸ்ஜீன் வாயு தாக்கி ஒரு தொழிலாளி இறந்திருந்தார். 1982-இல் அமெரிக்கத் தலைமையகத்திலிருந்து வந்த பாதுகாப்புக் குழு குறைகளைப் பட்டியலிட்டுக் கொடுத்தது. உள்ளூர்ப் பத்திரிகையாளர் ஒருவர் நகரத்துக்கு ஆபத்து என்று திரும்பத் திரும்ப எழுதினார். மாடு முட்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்தது. ஆயிரக்கணக்கானோர் இறந்தபின், 1989-இல் 47 கோடி டாலருக்கு வழக்கு சமரசமாக முடிக்கப்பட்டது. 2010-இல் இந்திய அதிகாரிகள் ஏழு பேருக்கு இரண்டு ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. யூனியன் கார்பைடு நிறுவனத்தின் அமெரிக்கத் தலைவராக இருந்த வாரன் ஆண்டர்சன் இந்திய நீதிமன்றத்தில் கடைசிவரை விசாரணைக்கு நிற்கவேயில்லை. இந்தப் பாடத்திலிருந்துதான் 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. மீறுபவர்களுக்கு ஐந்து ஆண்டு வரை சிறை என்று அது சொன்னது. 2023-இல் கொண்டுவரப்பட்ட ஜன் விஸ்வாஸ் சட்டம் அந்தச் சிறைத்தண்டனையை எடுத்துவிட்டு, 10,000 ரூபாயிலிருந்து 15 இலட்சம் ரூபாய் வரையிலான அபராதத்தை அந்த இடத்தில் வைத்திருக்கிறது. ஆண்டுக்குப் பல ஆயிரம் கோடி ரூபாய் வருமானமுள்ள ஒரு நிறுவனத்துக்கு 15 இலட்சம் ரூபாய் எந்தக் கணக்கில் எழுதப்படும் தொகை என்பதைத் தணிக்கையாளர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

கட்டுப்பாடு வேண்டும் என்பதை ஒப்புக்கொள்பவர்கள்கூட, அதை அதிகாரிகளும் அறிவியலாளர்களும் பார்த்துக்கொள்ளட்டும், பாமர மக்களை ஏன் கூட்டிவைத்துக் கேட்க வேண்டும் என்கிறார்கள். கொடைக்கானலில் பாதரச வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள் ஓடியது. நியூயார்க் மாநிலத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட அந்த ஆலைக்கு எல்லா உரிமங்களும் இருந்தன. அதைக் கண்காணிக்க வேண்டிய துறைகளும் இருந்தன. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் பாதரசம் கலந்த ஏழு டன்னுக்கும் அதிகமான உடைந்த கண்ணாடிக் கழிவைக் கண்டுபிடித்தவர்கள் ஊர்க்காரர்களும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும். அதன்பிறகுதான் ஆலை மூடப்பட்டது. 2003-இல் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்குத் திரும்பிப் போனது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கான உடன்பாடு 2016-இல்தான் கையெழுத்தானது. அதிகாரி ஆலையின் வாசல் வழியாக உள்ளே போய்ப் பார்க்கிறார். பின்பக்கச் சுவருக்கு வெளியே என்ன கொட்டப்படுகிறது என்பது அங்கே குடியிருப்பவருக்குத்தான் தெரியும்.

சில ஆண்டுகளுக்கு முன், கடலோரத்தில் வரவிருந்த மின்திட்டம் ஒன்றுக்கான கருத்துக்கேட்புக் கூட்டத்தைப் பார்க்கப் போயிருந்தேன். துணிப்பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள், மேடையில் மாவட்ட அதிகாரிகள், ஓரத்தில் ஒரு வீடியோக்காரர். பல நூறு பக்கங்கள் கொண்ட ஆங்கில அறிக்கைக்குத் தமிழில் சில தாள்களில் சுருக்கம் கொடுத்திருந்தார்கள். நிறுவனத்தின் ஆலோசகர் திரையில் வரைபடத்தைப் போட்டு, குளிர்விப்பான்களிலிருந்து வரும் வெந்நீர் கடலில் சேரும் இடத்தை ஒரு நீல அம்புக்குறியால் காட்டினார். வயதான ஒரு பெண் மைக்கை வாங்கி, "அந்தச் சூட்டுத் தண்ணி விழுகிற இடத்துலதான எங்க ஆளுவ கரமடி இழுக்கிறாவ, அது உங்க படத்துல எங்க சார் இருக்கு?" என்று கேட்டார். ஆலோசகர் திரையையும் கையிலிருந்த தாள்களையும் மாறிமாறிப் பார்த்தார். கரையில் நின்று வலை இழுக்கும் அந்தக் கரமடி இடம் படத்தில் எங்குமே குறிக்கப்பட்டிருக்கவில்லை. அதிகாரி அந்தக் கேள்வியைக் குறிப்பேட்டில் எழுதச் சொன்னார். கூட்ட முடிவில் நடவடிக்கைக் குறிப்பு தமிழில் வாசிக்கப்பட்டபோது அது இடம்பெற்றிருந்தது. அந்த ஒரு கேள்விக்குப் பல இலட்சம் ரூபாய் வாங்கிக்கொண்டு தயாரித்த அறிக்கையில் விடை இல்லை. இனிமேல் வரும் அணுக் கனிமத் திட்டங்களில் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கே இடமிருக்காது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு, தொழில் திட்டம் தயாரான பிறகு ஒப்புக்காகச் செய்யும் சடங்காக இருக்கக் கூடாது என்றும், பேச்சு நடக்கும் மேசையில் அந்த மண்ணின் மக்களுக்குத் தனியிடம் வேண்டும் என்றும் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லவ்தாத்தோ சி' சுற்றுமடலின் 183-ஆம் பத்தி சொல்கிறது. கீழுள்ள அமைப்பு தானே செய்துகொள்ளக்கூடியதை மேலுள்ள அமைப்பு பிடுங்கிக்கொள்வது அநீதி என்று 1931-லேயே திருச்சபை தெளிவாக எழுதிவைத்திருக்கிறது. ஊராட்சியைத் தாண்டி, மாநிலத்தையும் தாண்டி, எல்லாவற்றையும் தில்லியில் முடித்துக்கொள்ளும் குறிப்பாணை எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

கூட்டம் நடந்துவிட்டாலே நீதி கிடைத்துவிடும் என்றும் நான் சொல்லமாட்டேன். அரசர்கள் முதல் நூலின் 21-ஆம் அதிகாரத்தில் நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தைப் பற்றிய கதை வருகிறது. மறையுரைகளில் அதைப் பேராசைக்காரன் ஏழையின் நிலத்தைப் பறித்த கதையாக மட்டும் கேட்டுப் பழகியிருக்கிறோம். நிதானமாகப் படித்தால் அது ஒரு நடைமுறையின் கதை. ஆகாபு அரசன் முதலில் நியாயமான விலைதான் பேசுகிறான். அதைவிட நல்ல தோட்டம் வேண்டுமானாலும் தருகிறேன் என்கிறான். மூதாதையரின் உரிமைச்சொத்து விற்பனைக்கில்லை என்று நாபோத்து மறுக்கிறார். பிறகு ஈசபேல் அரச முத்திரையோடு கடிதங்கள் அனுப்புகிறாள், நோன்பு அறிவிக்கப்படுகிறது, ஊர்ப் பெரியோர் கூடுகிறார்கள், மக்கள் முன்னிலையில் நாபோத்து உட்கார வைக்கப்படுகிறார், ஏவிவிடப்பட்ட இரண்டு பொய்ச்சாட்சிகள் எழுந்து பேசுகிறார்கள். பொதுக்கூட்டம் கூடியது, சாட்சியம் பதிவானது, முடிவு எடுக்கப்பட்டது. நாபோத்து கல்லெறிந்து கொல்லப்பட்டார். இன்று வேனில் ஏற்றிக்கொண்டு வரப்பட்டு, பிரியாணிப் பொட்டலத்தோடு முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த அதிகாரம்தான் நினைவுக்கு வரும். ஆகவே கூட்டம் நடக்க வேண்டும். அறிக்கை முழுவதும் தமிழில் கிடைக்க வேண்டும். ஆட்சேபம் சொன்னவர்மேல் மறுநாள் வழக்குப் பாயக் கூடாது. கைப்பிடிச்சுவரை எழுப்பச் சொன்ன அதே விவிலியம், அரச முத்திரைக்குப் பின்னால் என்னென்ன நடக்கும் என்பதையும் ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறது.

எதிர்வாதங்களில் நான் மிகவும் மதிப்பது வேலைவாய்ப்பைப் பற்றியது. ஆலை மூடப்பட்டதால் வேலை இழந்தவர்கள், லாரி ஓட்டங்கள் நின்றுபோனவர்கள் தூத்துக்குடியில் ஏராளம். அவர்களும் ஞாயிறுதோறும் திருப்பலிக்கு வருபவர்கள்தாம். 2018-க்குப் பிறகு இந்தியா சுத்திகரித்த தாமிரத்தை ஏற்றுமதி செய்வதைவிட அதிகமாக இறக்குமதி செய்யும் நாடாகிவிட்டதும் உண்மை. ஒரு தொழிற்சாலையை மூடுவது முதல் தெரிவாக இருக்க முடியாது என்று உச்சநீதிமன்றமும் 2024 பிப்ரவரி 29 அன்று வேதாந்தாவின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தபோது சொன்னது. விதிமீறல்கள் திரும்பத் திரும்ப நடந்ததாலும் அவை கடுமையானவை என்பதாலும் வேறு வழியில்லை என்றும் சேர்த்துச் சொன்னது. 250 மீட்டர் 25 மீட்டரானபோது ஒருவர் விடாப்பிடியாக மறுத்திருந்தால், உப்பாற்றங்கரையில் தாமிரக் கசடு முதல் லாரியில் கொட்டப்பட்டபோதே நிறுத்தப்பட்டிருந்தால், அந்தத் தொழிலாளர்கள் இன்றும் வேலையில் இருந்திருக்கக்கூடும். கட்டுப்பாடு தளர்ந்ததற்கான விலையை நிறுவனம் மட்டும் கொடுக்கவில்லை. அங்கே வேலை செய்தவர்களும் கொடுத்தார்கள்.

ஆளும் அதிகாரம் கடவுளால் ஏற்படுத்தப்பட்டது, ஆகவே அதை எதிர்க்காதே என்று உரோமையர் 13-ஆம் அதிகாரத்தை எடுத்துக்காட்டுபவர்களுக்கு ஒரே ஒரு பதில்தான். அதே அதிகாரத்தின் நான்காம் வசனம் ஆளுபவரை மக்களின் நன்மைக்கான கடவுளின் பணியாளர் என்கிறது. நிறுவனத்தின் பணியாளர் என்று எந்தப் பிரதியிலும் இல்லை.

இந்தப் போராட்டங்களுக்குப் பின்னால் வெளிநாட்டுப் பணம் வாங்கிய பாதிரியார்கள் இருக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு கூடங்குளம் காலத்திலிருந்தே ஓயாமல் வருகிறது. நியம்கிரியில் கூடியவர்கள் தங்கள் மலையின் தெய்வமான நியமராஜனை வணங்குபவர்கள். மேலூரிலிருந்து நடந்தவர்கள் தங்கள் அம்மன் கோயில்களுக்கு முன் கூடிப் பேசிவிட்டுக் கிளம்பியவர்கள். அவர்களுக்கு எந்த மறைமாவட்டம் பணம் அனுப்பியிருக்க முடியும்? வெளிநாட்டுப் பணத்தைப் பற்றிப் பேசுவதென்றால் முழுவதையும் பேசலாம். பிரிட்டனின் வேதாந்தா நிறுவனத்துக்குச் சொந்தமான இந்தியத் துணை நிறுவனங்களிடமிருந்து நன்கொடை பெற்றதன்மூலம் பாஜகவும் காங்கிரசும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தை மீறின என்று தில்லி உயர்நீதிமன்றம் 2014 மார்ச்சில் தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறியவர்களுக்குத் தண்டனை வரவில்லை; 2016-லும் 2018-லும் நிதிச் சட்டங்கள் வழியாக அந்தச் சட்டமே முன்தேதியிட்டுத் திருத்தப்பட்டது. தேர்தல் பத்திரங்களை உச்சநீதிமன்றம் 2024 பிப்ரவரியில் செல்லாது என்று அறிவித்தபின் வெளியான பட்டியலில் வேதாந்தா ஏறத்தாழ 400 கோடி ரூபாய்க்குப் பத்திரங்கள் வாங்கியது தெரியவந்தது. கட்டுப்படுத்தப்பட வேண்டியவர், கட்டுப்படுத்த வேண்டியவர்களின் தேர்தல் செலவைப் பார்த்துக்கொள்ளும் நாட்டில், மேசையில் ஒரு நாற்காலியாவது பணம் கொடுக்காதவருக்கு ஒதுக்கப்பட்டிருக்க வேண்டாமா? கருத்துக்கேட்புக் கூட்டம் அந்த ஒரு நாற்காலிதான்.

திருச்சபைத் தலைவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தங்கள் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணத்தில் பள்ளிக் கழிப்பறைகளும் குடிநீர்த் தொட்டிகளும் பல இடங்களில் வந்திருக்கின்றன. பயன்படுபவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சர்ச்சைக்குரிய திட்டம் ஒன்றை வைத்திருக்கும் நிறுவனத்திடம் ஒரு பங்கு சமூகக்கூடம் வாங்கிக்கொண்டால், அந்தக் கூடத்தின் திறப்புவிழாக் கல்வெட்டில் நிறுவனத்தின் பெயரும் பங்குத்தந்தையின் பெயரும் அடுத்தடுத்துப் பொறிக்கப்பட்டால், அதே கூடத்தில் அன்பியம் என்னும் அக்கம்பக்கக் குடும்பங்களின் செபக்குழு கூடி அந்த நிறுவனத்தின் கழிவைப் பற்றி எப்படிப் பேசும்? சட்டம் கட்டாயப்படுத்தும் இரண்டு விழுக்காட்டை வாங்குவதற்கு முன், மீதி தொண்ணூற்றெட்டு எப்படி வந்தது என்று பங்குப்பேரவை ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நல்லது.

இப்போது செய்யக்கூடியவை சில இருக்கின்றன. குறிப்பாணையைத் திரும்பப் பெறும்படி ஒன்றிய அரசை வலியுறுத்தும் தீர்மானத்தை, எங்கள் மாவட்டத்தின் கத்தோலிக்க மறைமாவட்டங்களும், தென்னிந்தியத் திருச்சபையின் பேராயமும், இரட்சணிய சேனையும் தனித்தனியாக இல்லாமல் ஒரே தீர்மானமாக நிறைவேற்றி அனுப்பலாம். பிற சமயத்து ஊர்க் கமிட்டிகளையும் கையெழுத்திட அழைக்கலாம். நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதை அவையில் எழுப்ப வேண்டும். 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் அடிப்படையையே மாற்றும் ஒன்று, குறிப்பாணையின் வடிவில் வரலாமா என்பதையாவது கேட்க வேண்டும். மிடாலம் போன்ற ஊராட்சிகளில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடும் கிராம சபைகளில், தங்கள் எல்லைக்குள் எந்தக் கனிமத் திட்டமானாலும் கருத்துக்கேட்பு நடந்தே ஆக வேண்டும் என்று தீர்மானம் எழுதி, அதன் நகலைக் கையோடு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். கொல்லங்கோடு நகராட்சியாகிவிட்டதால் அங்குள்ளவர்களுக்குக் கிராம சபை இல்லை. அவர்கள் தங்கள் வார்டு உறுப்பினர்கள் வழியாக அதே தீர்மானத்தை நகர்மன்றத்தில் கொண்டுவர வேண்டியிருக்கும். தங்கள் நாளிதழ் அந்தக் குறிப்பாணையின் முழு வாசகத்தையும் தமிழில் வெளியிட்டால், தீர்மானம் எழுத உட்காருபவர்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
குளச்சல், கன்னியாகுமரி மாவட்டம்.